கடல் பக்கம்

பேணியில் போட்டிருக்கிறது:
இரண்டு பூச்சு. இடையில் நான்கு மணித்தியாலம்.
அதன்பின் இரண்டு நாள் மழை படக்கூடாது.
பங்குனி முடிகிற வெள்ளவத்தையில்
இதை யாரிடம் சொல்லி வைப்பது?

போன கிழமை சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சினேன்.
பாசி பச்சைத் தண்ணீராய்க் கானுக்குள் ஓடியது.
மூன்று நாள் காயவிட்டு
மண்தாள் பிடித்துத் தேய்த்தேன்.
சாம்பல் நிறத்துக்குக் கீழே
மரம் இன்னும் மரமாகத்தான் இருந்தது.

ஹார்ட்வெயார் பெடியன் சொன்னது:
பெயின்ட் என்றால் மேலே நிற்கும், பிறகு உரியும்.
இது உள்ளே போகும், ரேகை மறையாது.
குடிக்கிற பலகையா என்று முதலில் பாருங்கோ அக்கா,
ஒரு துளி தண்ணீர் விட்டால் தெரியும்.

விட்டேன்.
துளி ஒரு கணம் யோசித்தது.
பிறகு இல்லை.

என் பக்கம் முப்பத்தொரு பலகை,
சனி காலையே முடித்துவிட்டேன்.
தேக்கு நிறம் என்று பேணியில் பெயர்.
பலகை லுணுமிதெல்ல.
அது பாவம், இனித் தேக்காய் நடிக்க வேண்டும்.

மற்றப் பக்கம் சல்தீன் ஆட்களின் வளவு.
அவர்கள் மெல்பேர்ன் போய் இரண்டு வருடம்.
காவலுக்கு நிற்கும் சுனிமல் கேற்றைத் திறந்து
வானத்தை ஒருதரம், என்னை ஒருதரம் பார்த்தார்.

ஒன்பது வருடம் இந்த வேலியோடு இருக்கிறேன்.
இதன் முதுகை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

என் பக்கம் சாம்பல் என்றேனே,
இங்கே வெள்ளை. உப்பு.
ஆணித் தலைகளிலிருந்து துரு
கோடு கோடாய் வடிந்து காய்ந்திருக்கிறது.
பலகைகளின் உச்சியில், வெட்டுமுகத்தில்,
நகம் புகுகிற வெடிப்பு.
ரயில் பாதைக்கு அப்பால் கடல்.
காற்று நேரே இங்குதான் வந்து முட்டுகிறது,
எல்லா வருடமும் இங்குதான் முட்டியிருக்கிறது.
நான் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து
பெரிதாய் ஒன்றுமில்லை என்று
சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் பூச்சைத் தடமே தெரியாமல் குடித்தது.

பதினாறாவது பலகைக்கும் பதினேழாவதற்கும் நடுவில்
ஒரு விரல் இடைவெளி.
அதற்குள் என் குசினி.
குலேந்திரன் நின்றபடியே
சட்டியிலிருந்து இடியப்பம் பிய்த்துத் தின்கிறார்.
போனை எடுக்கிறார். வைக்கிறார்.
திரும்ப எடுக்கிறார்.
வேலை போய் ஐந்து மாதம்.
எனக்கு முன்னால் விசிலடிப்பார்,
பேப்பரில் வட்டம் போடுவார்,
பார்ப்பம் பார்ப்பம் என்பார்.
இங்கிருந்து பார்க்க,
குழாயைத் திறந்துவிட்டு
கையை நீட்டாமல்
தண்ணீர் ஓடுவதையே பார்த்து நிற்கிற
யாரோ ஒரு ஆள்.

கூப்பிடலாம்.
கூப்பிட்டால் விசில் வரும்.
பிரஷ் காயத் தொடங்கியது.
பேணியின் அடியை வழித்து
வெட்டுமுகங்களுக்கு இன்னொரு தரம் வைத்தேன்.
அவைதான் கூடக் குடிக்கிறவை.

மழை இரண்டு நாள் பொறுக்கவில்லை.
ஒரு நாளும் எட்டு மணித்தியாலமும் பொறுத்தது.
நடுச்சாமம் டோர்ச்சோடு போனோம், இருவரும்,
ஒரு குடைக்குள் ஆளுக்கொரு தோள் நனைய.
துளிகள் பலகையில் உருண்டையாய் நின்றன.
குலேந்திரன் ஒன்றை விரலால் தொட்டு
உடைத்துப் பார்த்தார்.

"மற்றப் பக்கம்?"

"பார்த்தேன்" என்றேன்.

டோர்ச்சைக் கொஞ்சம் தாழ்த்தினார்.
அன்று விசில் இல்லை.

திங்கள் காலை, கோட்டையில், அலுவலக வாசலில்
விரல் வைக்கிற மெஷின் என்னை ஏற்கவில்லை.
பெருவிரல் ரேகைக்குள் தேக்கு நிறம்,
தின்னருக்கும் போகாதது.
மூன்று தரம் வைத்தேன்.
காவலாளி கொப்பியை நீட்டினார்.
பெயர், நேரம்.
காரணம் என்ற கட்டத்துக்குள்
வேலி என்று எழுதினேன்.