இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி

லோரி வராத நேரத்தில்
எடைப்பாலக் கூண்டுக்குள் மடிக்கணினியைத் திறப்பேன்.
ஊத்தான் மெலிந்தாங்கில் நடுச்சாமத்துக்கு மேல்
விழித்திருப்பவை மூன்று:
செம்பனை ஆலை, மாமாக் கடை, நான்.

இந்த விளையாட்டில் பாதை கிடையாது.
நம் பாட்டை நாம்தான் கொடுக்க வேண்டும்.
அதைத் தின்றுவிட்டுத் தார் ஊற்றும்.
மெல்லப் பாடினால் மேடு,
வேகம் பிடித்தால் தலைகுப்புற இறக்கம்.
ஒவ்வோர் அடிக்கும் ஒரு கல்
நிறத்தோடு முன்னால் வந்து விழும்.
விரலால் பொறுக்க வேண்டும்,
மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்குகிற மாதிரி.
விட்டது எல்லாம் கணக்கில் குறையும்.

சினிமாப் பாட்டையெல்லாம் ஓட்டி முடித்தேன்.
டோல் கட்டிப் போகிற சாலைகள் அவை, தூக்கம் வரும்.
ஒருநாள் ஆலைச் சத்தத்தைப் பதிந்து போட்டேன்.
முழுக்க நேர்க்கோடு. சாம்பல் நிறம்.
இருபது நிமிடம் ஓடியும் ஒரு கல் விழவில்லை.
என் சம்பளச் சீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் எங்கள் உருமியைப் போட்டேன்.
மூன்று வருடத்துக்கு முந்திய தீமிதி,
ஐந்து நிமிடம் நாற்பது,
கோப்பின் பெயர் ‘தீமிதி கடைசி கடைசி’.
விளையாட்டு திணறியது.
வட்டம் சுற்றிச் சுற்றி யோசித்து
ஒரு மலையையே கவிழ்த்துக் கொட்டியது.

லயம் என்றால் எங்களுக்கு வரிசை வீடு.
அகராதியில் வேறு பொருளும் போட்டிருக்கிறது.
இரண்டையும் ஒரே திரையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்:
ஒட்டி ஒட்டி நிற்கும் கற்கள்,
ஒருவன் இருமினால் ஆறாவது வீட்டில் கேட்கும் நெருக்கம்.

நடுவில் ஒரு குழி.
இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி.
பூவேந்திரனின் கை அங்கேதான் தவறியது,
ஒரே ஓர் அடி.
கரகம் எடுத்தவருக்கும் தெரியவில்லை,
நெருப்பில் இறங்கியவருக்கும் தெரியவில்லை.
நான்தான் மைக்கில் சொன்னேன்,
சிரிப்புக்காக.
உருமியைக் கழற்றி வேனின் பின்னால் வைத்துவிட்டு
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான்.
பிறகு ஜொகூர், சிங்கப்பூர், ஏதோ கிடங்கு.
அவன் பங்கு நூற்றிருபது வெள்ளி
இன்னும் இந்த மேசை டிராயரில்தான், ரப்பர் வளையத்தோடு.

விளையாட்டுக்குத் தவறு என்பது தெரியாது.
சத்தம் இல்லாத இடத்தில் சாலை போடாது, அவ்வளவுதான்.
நானோ ஒவ்வொரு முறையும்
வர வேண்டிய அடிக்கு விரலை வைப்பேன்.
வண்டி குழிக்குள் போகும்.
பட்டியலில் ஒரே பெயர், என்னுடையது.
அந்தக் கோப்பை வேறு யார் வைத்திருக்கப் போகிறார்கள்?
அன்றைக்குக் குழுவில் ஆறு பேருக்கு அனுப்பினேன்,
ஒருவனும் ஒரு கட்டைவிரல்கூடக் காட்டவில்லை.

செவ்வாய் இரவு மழை. லோரிகள் தாமதம்.
திறந்தால் பட்டியலில் இரண்டு பெயர்.
எனக்கு மேலே: கைதவறி.
ஒரு கல் விடவில்லை.
குழியில் விழவில்லை.

போனை எடுத்தேன். வைத்தேன்.
‘எப்படி இருக்கே’ என்று எழுதி
அழித்தேன்.
திரையின் கீழே ஒரு பொத்தான், ‘மறுபடியும்’.
அழுத்தினேன்.
இரண்டு பதின்மூன்றில்
இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டேன்.
வண்டி காற்றில் கொஞ்ச தூரம் போய்
அந்தப் பக்கம் இறங்கியது.
கை திரும்பி வருவதற்குள்
பதினேழு கல் போய்விட்டது, போகட்டும்.
இரண்டாவது இடம்.

வெளியே ஹாரன்.
‘என்னலா, தூங்கிட்டியா?’
கண்ணாடியைத் தள்ளி எண்ணைப் பார்த்தேன்,
இருபத்து மூன்று டன் நானூற்று எண்பது.
எழுதிக்கொண்டேன்.
மழையில் நனைந்த குலை,
எடை கொஞ்சம் கூடத்தான் காட்டும்.