இரண்டு பாகை

முதல் பருவத்தில் நான் ஒரு போர்த்துக்கீசப் பெண்ணாக இருந்தேன்.
கதிரைகளை மட்டுமே படமெடுத்தவள் அவள்,
ஆட்கள் எழும்பிப் போன கையோடு,
இருக்கையில் சூடு ஆறுவதற்குள்.
நானும் டோட்முண்ட் ரயில் நிலையத்தில்
காத்திருப்பவர்கள் எழும்பும்வரை காத்திருந்தேன்.
முப்பத்தாறு கதிரைகள்.
முப்பத்தாறும் அவளுடையவை.
கதிரை என்ற சொல்லே அவள் ஊர்க் கப்பலில் வந்ததுதான்,
இப்போது யார் திருப்பிக் கேட்கிறார்கள்
என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.
யான்னிக் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தான்:
"நல்லாயிருக்கு. தரை ஏன் சரியுது?"

கணினியில் ஒரு கோடு போட்டு நிமிர்த்தினேன்.
இரண்டு பாகை, இடப்பக்கம்.
நிமிர்த்தினால் ஓரம் போகும்.
ஒவ்வொரு படத்திலிருந்தும்
மெல்லிய ஆப்புகளாய் வெட்டுப்பட்டு விழுந்தவற்றை
ஏனோ அழிக்காமல் ஒரு கோப்பில் போட்டுவைத்தேன்.

இரண்டாம் பருவத்தில் ஒசாக்காக்காரன்.
மழையில் முதுகுகள்.
மழைக்கு இங்கே பஞ்சமில்லை.
ஹேர்ன சந்தையில் மீன் வண்டிக்கு முன்னால் வரிசை,
நனைந்த கொலர், பின்கழுத்து மடிப்பு.
ஒருவர் சடாரென்று திரும்பி
என்ன வேண்டும் என்றார்.
உங்கள் முதுகு என்றேன்.
என்னுடைய ஜெர்மனில் அது இன்னும் மோசமாகக் கேட்டிருக்கும்.
இப்படியான நேரத்தில் ஒசாக்காக்காரன் என்ன செய்தான் என்று
நூலகத்துப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.
படங்களில் மழை சரிந்து விழுந்தது;
காற்று என்று சமாளிக்கலாம்.
தேவாலயக் கோபுரமும் சரிந்து நின்றது.
மறுபடி கோடு, மறுபடி ஆப்பு.

மூன்றாவது ஒரு பின்லாந்துக்காரி.
வெள்ளையின் மேல் வெள்ளை.
பனி வராத ஜனவரி, வெளியே எல்லாம் ஈயம்.
குசினி மேசையில் வெள்ளைத் தட்டை வைத்துப்
பால் ஊற்றினேன்.
பால் இடப்பக்க விளிம்பில் போய்க் கூடியது.
தட்டைத் திருப்பி வைத்தேன்.
பால் திரும்பவில்லை.
யான்னிக்கிடம் ரசமட்டம் கடன் வாங்கித் தரையில் வைத்தால்
குமிழி ஒரு கரையில் ஒட்டிக்கொண்டு
நடுவுக்கு வரவே மாட்டேன் என்றது.

வான்ன-ஐக்கலில், மூன்றாம் மாடி.
கீழே எவரோ எப்போதோ நிலக்கரியை எடுத்துவிட்டு
இடத்தை அப்படியே விட்டுப் போனார்கள்.
வீடு மெதுவாக அதற்குள் சாய்ந்தது.
வாடகை குறைவு.
பிரிட்ஜின் ஒரு காலுக்கு அம்மா மடித்து வைத்த அட்டை,
என் கட்டில் காலுக்குப் பழைய தொலைபேசிப் புத்தகம்.
எது தொலைந்தாலும்,
மாத்திரை, மாபிள், அப்பாவின் பேனை மூடி,
ஒரே மூலையில்தான் கிடைக்கும்.
பதினோரு வருடம்
அந்தத் தரை சொன்ன நேரைத்தான்
இந்த உடம்பு நேர் என்று நம்பியிருக்கிறது,
லிஸ்பன் போனாலும் ஒசாக்கா போனாலும்.

நான்காம் பருவத்துப் படிவம் வந்தது.
பெயர்: யதுஷா.
தலைப்பு: இன்னும் இல்லை.
எந்தக் கலைஞரின் தாக்கம்: ஒரு நீளமான கட்டம்.
மூன்று முறை அழகான கையெழுத்தில் நிரப்பியது.
இந்த முறை வீட்டு விலாசத்தை எழுதினேன்.
பிழையான கட்டம் என்று அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது.
பதில் போடவில்லை.

கோப்பைத் திறந்தேன்.
வெட்டுப்பட்ட ஆப்புகள், நாநூற்றுச் சொச்சம்.
ஒன்றில் நிலையத்து மணிக்கூட்டின் கால்வாசி.
ஒன்றில் மீன்காரியின் கை, மிச்சக் காசோடு.
ஒன்றில் பிரிட்ஜுக்குக் கீழே அந்த அட்டை.
போர்த்துக்கீசக்காரி எடுக்காதவை,
எவரும் எடுக்கச் சொல்லாதவை,
நானும்தான் எடுக்க நினைக்கவில்லை.
அறுபதைத் தெரிந்து அச்சிட்டேன்.

மாட்டுகிற அன்று
யான்னிக் ரசமட்டத்தோடு வந்து
வேண்டாம்தானே என்று சிரித்தான்.
கொண்டா என்று வாங்கினேன்.
கறுப்பு அட்டைகளை
மயிரிழை பிசகாமல் நேராக மாட்ட வேண்டியிருந்தது.
இல்லையென்றால்
சாய்வு தெரியாது.