முதலுக்கு மோசமில்லை

தடைக்காலம். விசைப்படகுகள் கயிற்றில் தூங்க
தங்கச்சிமடத்தில் பஸ் ஏறி
நாலு பேரும் ராமநாதபுரம் போனோம்
ஒட்டகக் குட்டி இரண்டாம் பாகம் பார்க்க.

முதல் பாகத்தில் அதற்குத் தாகம்.
அவ்வளவுதான் கதை.
வறண்ட கிணற்றுக்குள் அது எட்டிப் பார்த்தபோது
இசைகூட இல்லை.
அஞ்சு வயசு ஜெனிட்டா
தண்ணீர் பாட்டிலைத் திறந்து
திரையை நோக்கி நீட்டினாள்.
முன்சீட்டுக்காரர் தோள் நனைந்தது.
அவர் திட்டவில்லை,
அவரும் கிணற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் பத்தாவது நிமிஷமே அருவி.
ஒட்டகம் ஆடுகிறது.
ஒட்டகத்துக்கு ஒரு மாமன் மகன்,
அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி.
அதே கிணற்றையும் காட்டினார்கள், வண்ணமடித்து;
உள்ளிருந்து தவளையொன்று பகடி பேசியது.

"இது இனிமே எதைம்மா தேடும்?"
பதினொரு வயசு இப்போது,
பாப்கார்னைத் தொடாமல் கேட்டாள்.
எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வந்து
அன்றோடு அஞ்சு நாள்.

மெல்வினுக்கு நாலு. முதலாவதை அறியாதவன்.
தவளைக்குச் சிரித்துச் சிரித்து
விக்கல் எடுத்துவிட்டது.
ஜெனிட்டா பாட்டிலைத் திறந்து
அவன் வாயில் வைத்தாள்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பும்போது, உச்சிப்புளி தாண்டி,
அவர் டிக்கெட்டுகளை இரண்டாக மடித்தார்.
படகுக் கடனுக்கு அந்த மாசம் வட்டி மட்டும்தான் கட்டியிருந்தோம்.
"முதலுக்கு மோசமில்ல" என்றார்.
எந்த முதல் என்று நான் கேட்கவில்லை.

"மோசம்தான்" என்றாள் ஜன்னலோரம் ஜெனிட்டா.
அவள் மடியில் தம்பி
தூக்கத்திலும் விக்கிக்கொண்டிருந்தான்.