தள்ளுபடிக் கணக்கு

நான் பின்னியவனில்லை.
பின்னலுக்குக் கணக்கு எழுதியவன்.
இடையன்குடியில், லேஸ் பள்ளிக்கூடத்துக் கடைசி அறையில்,
சனிக்கிழமை சாயங்காலம்
பெண்கள் வெள்ளைத் துணியில் பொதிந்து கொண்டுவருவதைக்
கஜக்கோலால் அளந்து
அணாவும் பையுமாக மாற்றிக்கொடுப்பது என் வேலை.

மாதிரி அட்டைகள் கப்பலில் வந்தன.
அவற்றில் இருந்ததை இங்கே எவரும் கண்டதில்லை.
பனி உறைந்தால் இப்படித்தான் இருக்கும் என்று
துரைசானி காட்டிய ஆறுகால் உருவத்தை
நண்டு என்றார்கள்.
அன்னப் பறவை கொக்காயிற்று.
ஓக் இலை ரொம்ப நாள் பெயரில்லாமல் கிடந்து
பூச்சி அரித்த பூவரசு என்று முடிவானது.
நானும் பேரேட்டில் அப்படியே எழுதினேன்:
நண்டு, மூன்று கஜம். பூச்சிப் பூவரசு, இரண்டேகால்.
சீமையில் யாரோ ஒருத்தி
கழுத்தில் நண்டோடு விருந்துக்குப் போயிருப்பாள்.

அன்னப்பழத்தின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
அறுபது குச்சியில் ஒன்றையும் அவள் பார்ப்பதில்லை.
பார்ப்பது சன்னலுக்கு வெளியே மேயும் ஆட்டை.
வைக்கோல் தலையணை மேல் குச்சிகள்
ஓட்டில் மழை விழுவதுபோலச் சடசடத்துக்கொண்டிருக்கும்.
நூற்றிருபதாம் நம்பர் நூல், மூச்சுப் பட்டால் நகரும்.
விரலில் ஒரு காய்ப்பு இருந்தால் சிக்கிக்கொள்ளும்.
அதனால் அவள் விறகு ஒடிப்பதில்லை, உலக்கை பிடிப்பதில்லை.
பங்குனியில் பதனீர் இறங்கத் தொடங்கியபோது
காய்ச்சவும் மாட்டேன் என்றாள்.

பனையேறி வீட்டில் காய்ச்சாத பெண்டாட்டி.
ஊர் சிரித்தது.
சுவிசேஷமுத்து நாற்பது பனை ஏறி இறங்கி
நெஞ்சுத் தோல் எரிய எரியக்
குடிலுக்குள் குனிந்து பாகு துழாவினான்.
கிணற்றடியில் கேட்டார்கள்:
"என்னவே, பதம் வந்திட்டா? சேலை உடுத்தலியா?"
"நான் ஒரு மாசம் காய்ச்சுதத
அவ ஒரு முழத்துல கொண்டாந்திருதா.
நீரு உம்ம பொண்டாட்டிய அடுப்புக்குள்ள வச்சிப் பூட்டிக்கிடும்."

ஆனியில்தான் அந்தக் காலர் வந்தது.
நண்டும் கொக்குமாக ஐந்து மாத வேலை.
ஓரத்தில் மிளகளவு ஒரு பழுப்புப் புள்ளி.
முகர்ந்து பார்த்தேன். கருப்பட்டிப் பாகு.
எப்படி முடிகிறது என்று பார்க்க அவன்
ராத்திரி பக்கத்தில் விளக்குப் பிடித்திருக்கிறான்.

துரைசானி கண்ணாடியைக் கழற்றி மாட்டினாள்.
வெளுத்தாலும் போகாது,
தள்ளுபடியில் எழுது, நூல் விலையைப் பிடித்துக்கொள் என்றாள்.
ஒரு ரூபாய் இரண்டணா.
அன்னப்பழம் முந்தி முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தாள்.
வைத்த கையோடு காலரை மடித்து எடுத்துக்கொண்டாள்.
"அது இங்கதான் இருக்கணும்" என்றேன்.
"நூலுக்குத் துட்டு வாங்கியாச்சுல்லா?
மிச்சம் பூரா ஓட்டைதான, எய்யா.
ஓட்டைக்கு என்ன விலை போடுவீரு?"

தோளை மூடியதற்காக அடிபட்டு
ஆரல்வாய்மொழி தாண்டி வந்த குடும்பம் அவளுடையது.
மறுநாள் ஆராதனையில்
முரட்டு ரவிக்கையின் கழுத்தில் அது இருந்தது.
பின்னுகிறவர்கள் முப்பது பேர் அந்தக் கோவிலில்.
பின்னியதை ஒருத்தி போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.
புள்ளியை மறைக்கவில்லை. முன்பக்கமே வரும்படி தைத்திருந்தாள்.
ஓர் எறும்பு அதைக் கண்டுபிடித்துச்
சங்கீதம் முடியுமட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
ஆண்கள் பக்கமிருந்து சுவிசேஷமுத்து
உபதேசியாரை விட்டுவிட்டு எறும்பைப் பார்த்தான்.

திங்கட்கிழமை பேரேட்டைத் திறந்தேன்.
விற்றது, இருப்பு, தள்ளுபடி.
மூன்று பத்தியிலும் அது உட்கார மறுத்தது.
கடைசியில் கோட்டுக்கு வெளியே, தாளின் ஓரத்தில்
சின்ன எழுத்தில் எழுதினேன்:
காலர் ஒன்று. நண்டு. உடுத்தியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை
நான்கு பெண்கள் நூல் விலையைக் கையில் எண்ணிப் பிடித்தபடி
வரிசையில் நின்றார்கள்.
நான்கு பின்னலிலும் மிளகளவு புள்ளி.
நான் முகர்ந்து பார்க்கவில்லை.