நான்காம் வகுப்புப் பெஞ்சு

சனிக்கிழமை. தாராவியில் மாநகராட்சிப் பள்ளி,
மூன்றாவது மாடி.
பயிற்சிக்கு வந்த நாற்பத்திரண்டு ஆசிரியர்களையும்
நான்காம் வகுப்புப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.
முட்டி இடித்தது.
காலை மடக்கிச் செருகும்போது
மேசைக்கு அடியில் விரலில் பட்டது
யாரோ ஒட்டிவைத்த பபிள்கம்,
கல்லாகிப்போய்.

பவாயிலிருந்து வந்தவன் பெயர் ருத்விக்.
இருபத்தாறு வயது இருக்கும்.
சுவரில் விழுந்த வெளிச்சத்தில்
நாளைய வகுப்பறை என்று மராத்தியில் வந்தது,
பிறகு இந்தியில்.
தமிழுக்குக் காத்திருந்தேன்.
உருதுப் பிரிவு நஸ்னீன் டீச்சரும்
அவள் எழுத்துக்குக் காத்திருந்தாள் போல.
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

வெளியே மழை.
கூரைகளின் நீலத் தார்ப்பாய் மேல்
தண்ணீர் குளம் கட்டி நின்றது.
சயான் பக்கம் ஓடும் லோக்கல்
அவன் சொல்வதில் பாதியை வாரிக்கொண்டு போனது.
இந்தக் கட்டிடத்தில் பாடம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்:
ரயில் வந்தால் நிறுத்த வேண்டும்,
போனதும் விட்ட இடத்தில் தொடங்க வேண்டும்.
அவன் நிறுத்தவில்லை.

ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள்.
கடவுச்சொல்லில் பெரிய எழுத்து ஒன்று,
எண் ஒன்று, குறி ஒன்று வேண்டுமாம்.
மூன்று தரம் தவறியது.
கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்தி
ஷுபதா மாத்ரே என்ன அழுத்துகிறாள் என்று பார்த்தேன்.
இருபத்து மூன்று வருடமாய்
நான் கையும் களவுமாய்ப் பிடித்த பார்வை.
இவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது.

பதினொன்றரைக்கு ஒரு கேள்வி:
பிள்ளை கணக்கைத் தப்பாய்ப் போட்டால்
முதலில் என்ன செய்வீர்கள்?

எனக்குப் பதில் தெரியும்.
தப்பு எப்படி வந்ததென்று
அவனையே சொல்லச் சொல்வேன்.
தமிழில் அது முழுசாக இருந்தது.
இந்திக்கு எடுத்துப் போகும் வழியில்
கல்தி ‘ஹுவா’வா ‘ஹுயீ’யா,
தப்பு ஆணா பெண்ணா என்று நின்றேன்.
அதற்குள் முன்வரிசைத் தலைமையாசிரியர்
வேறெதையோ சொல்லி முடித்துவிட்டார்.
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்.

ஐந்தாம் வகுப்பு அந்தோணி செல்வின்.
‘உங்க பையன் வாயைத் திறக்கறதுக்குள்ள
பெல் அடிச்சிடும்’ என்று
அவன் அம்மாவிடம் சொன்னது நான்தான்,
வேடிக்கையாகத்தான்.
வீட்டில் நெல்லைப் பேச்சு,
சந்தில் இந்தி,
புத்தகத்தில் யாரும் பேசாத ஒரு தமிழ்.
என் கேள்வி இத்தனை வாசலும் ஏறி இறங்கி
பதிலோடு திரும்பி வர
எவ்வளவு நேரம் பிடிக்கும்?

சமோசா வந்தது. சூடாக இல்லை.
பயிற்சி எப்படி இருந்ததென்று
ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றார்கள்.
நான்கு போட்டேன்.
டேப்லெட்டுகளை எண்ணி வாங்கி
இரும்பு பீரோவில் பூட்டினார் பியூன்.
சர்வர் வந்த பிறகுதான் திறப்பார்களாம்.

கிளம்பும்போது ருத்விக்கைக் கேட்டேன்:
கேள்வி கேட்டுவிட்டு
இது எவ்வளவு நேரம் பொறுத்திருக்கும்?
‘முப்பது நொடி, மேடம்.
வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம்.’

படியிறங்கும்போது என்னை அளந்து பார்த்தேன்.
நான்கு நொடி. ஐந்து இருக்காது.

ஒரே ஒருமுறை செல்வின் பதில் சொல்லியிருக்கிறான்.
பின்னம் நடத்திய அன்று.
கேள்வியைப் போட்டேன், ரயில் வந்தது.
சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன்.
கடைசிப் பெட்டி போய்
ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியதும்
‘எட்டில் மூணு, டீச்சர்.’

திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கு.
எட்டு பத்துக்கு
ஒரு ஸ்லோ லோக்கல் இருக்கிறது.