தாழமுக்கம்

மட்டிக்களிக் கரையில் பத்துப் பேர்ச் காணி.
வடக்கே ஒழுங்கை, தெற்கே எமில்டா அக்காவின் வேலி,
கிழக்கே அரச காணி, மேற்கே களப்பு
என்று உறுதியில் எழுதியிருந்தது.
கீழே என்ன என்று
எந்த நொத்தாரிசும் எழுதுவதில்லை.

கீழே குப்பை.
முப்பது வருசம் ட்ரக்டர் ட்ரக்டராகக் கொட்டி,
மேலே கிரவல் பரப்பி,
"நல்ல மேட்டுக் காணி" என்று விற்றிருந்தார்கள்.

அத்திவாரம் வெட்டிய அன்று
மண்வெட்டி எதிலோ பட்டு நங்கென்றது.
நாலு பேரும் அப்படியே நின்றோம்.
இந்த ஊரில் மண்ணைக் கிளறுகிறவனுக்கு
முதலில் வருவது ஒரே நினைப்பு.
அது துருப்பிடித்த பால்மாப் பேணி.
கொஞ்ச நேரம் ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு தாங்க முடியாமல் சிரித்தோம்.

அன்றிரவு மழை.
காலையில் கிடங்குத் தண்ணியில் குமிழி
ஒன்று, பிறகு நூல் பிடித்தாற்போல் ஏழு.
மீனில்லை, நண்டில்லை.
நயீம் காக்கா பீடியைக் கடித்துக்கொண்டு
நெருப்புப் பெட்டியை எடுத்தார்.
"பத்த வைக்காதீங்க!"
கத்தியது யாரென்று திரும்பினேன்.
நான்தான்.

இன்ஜினியர் அனுசூயா மிஸ்
மூன்று இடத்தில் குழாய் இறக்கி,
ஆறு கிழமை, கிழமைக்கொரு தரம்
மஞ்சள் பெட்டியொன்றைக் கொழுவிப் பார்த்தா.
மெதேன். காபனீரொட்சைட்டு.
சாதாரண தரத்தில் நான் எழுதாமல் விட்ட கேள்வி
என் குசினிக்குக் கீழே
சம்மணம் கொட்டி இருந்திருக்கிறது.

"மணமுமில்லை நிறமுமில்லை.
நிலத்து வெடிப்பால வரும்,
பைப் போற ஓட்டையால வரும்.
வானொலியில தாழமுக்கம் எண்டு சொல்லுற நாளில
இன்னும் கூட வரும்.
மேல காத்துப் பாரம் குறைஞ்சால்
கீழ கிடக்கிறது எழும்பும்."

சுகந்தமலர் கணக்குப் பார்த்தாள்.
டைல்ஸுக்கு வைத்த காசு முழுக்க
ஒரு தாளுக்குப் போகிறது.
"ஒருத்தரும் பாக்காத சாமானுக்கா?"
என்று கேட்டவள்தான்,
சல்லி பரப்பி, துளைக்குழாய் வைத்து,
அதன்மேல் மணலும் தாளும் விரித்த இரவு
டோர்ச் லைட்டோடு முழங்காலில் நகர்ந்து
ஒரு சாண் மேல் ஒரு சாண் ஒட்டிய பொருத்தையெல்லாம்
பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனாள்.
குழாய் ஏறும் இடங்களில்
குழந்தைக்குக் கழுத்துப்பட்டி சரிபார்ப்பதுபோல்
இரண்டு தரம்.

கொங்கிறீற் லொறி வயிற்றைச் சுழற்றிக்கொண்டு
ஒழுங்கையில் நின்றது. மணிக்கணக்கில் காசு.
முதல் வாளி சரியப்போகும் நேரம்
சம்பூர்ப் பெடியன் யதுசன் வாயைத் திறந்தான்.
"கம்பியொண்டு கை தவறி விழுந்தது.
குத்தினதோ தெரியல்ல."
சொல்லாமல் விட்டிருந்தால்
அவன் பேரன் காலத்திலும் தெரிந்திராது.
நயீம் காக்கா லொறியைப் பார்த்தார்,
பெடியனைப் பார்த்தார்,
சாரதிக்குக் கையைக் காட்டினார்: நில்லு.

அரை மணித்தியாலம் தேடினோம்.
எள்ளளவு ஓட்டை.
உள்ளங்கை அகலத்தில் ஒட்டுப் போட்டோம்.
சாரதி திட்டியது களப்புக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

இப்போது வெறும் சீமெந்து நிலம், குளிர்ச்சிதான்.
சுவரோடு ஏறிய குழாய் இரண்டும்
கூரைக்கு மேலே தலையை நீட்டியபடி.
"என்னது தம்பி, ஏரியலா?" என்று எமில்டா அக்கா.
"நிலத்துக்கு மூக்கு" என்றேன்.
"உமக்கு விசர்" என்றா.

இன்று மாலை வானொலியில்
திருகோணமலைக்குக் கிழக்கே தாழமுக்கம்.
அக்கா கொடியில் துணி பொறுக்குகிறா.
கரையில் வள்ளங்களை மேலே இழுக்கிறார்கள்.
நான் ஏணியில் நின்று
குழாய் வாயின் வலையில் குளவி வைத்த மண்கூட்டைச்
சுரண்டி விழுத்துகிறேன்.

கீழிருந்து சுகந்தமலர்:
"மூச்சு வருதா?"
உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.
கடற்காற்றா அதுவா, ஒன்றும் பிடிபடவில்லை.
"வருது" என்கிறேன்.