கட்டபெட்டு வளைவில்

கோத்தகிரியில் தேயிலைக் கிடங்காய் இருந்த அறை.
சன்னல்களுக்குக் கம்பளி அடித்தோம்.
ஃபேக்டரிச் சங்கு ஊதி முடியும்வரை
நாக்கடியில் கிராம்போடு
மைக்கின் முன் நின்றிருந்தார் பிரமிளா தேவசகாயம்.

பதினாறு வருடம் யாரும் கூப்பிடவில்லை.
போன சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில்
பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு மேலாக
அவர் பாடிய நாலு வரி
கைபேசி கைபேசியாய்ப் பரவ,
கம்பெனிக்காரர்கள் மலையேறி வந்தார்கள்,
பழைய பாட்டுகளையே திரும்பப் பாடச் சொல்லி.

மாட்டேன் என்றார். எட்டும் புதுசு.

அரைக்கட்டை இறக்கு என்றார்.
இறக்கினேன்.
இன்னொரு அரை.
என் தயக்கம் கண்ணாடி வழியே தெரிந்திருக்கும்.
"ரோட்டுலேர்ந்து இறங்கினாத்தானே தம்பி
நம்ம ஊர்ல வீடு."

ஆறாம் பாட்டில் ஓர் இருமல் கேட்கும்.
காட்டெருமையுடையது.
நீக்கவிடவில்லை.

வெளியான நள்ளிரவில்
அவர் வீட்டில் சிக்னல் இல்லை.
கட்டபெட்டு வளைவில் காரை நிறுத்தி
ஒற்றைக் கோடு இரண்டாகக் காத்திருந்தோம்.
கேட்டவர்கள் பதினொன்று என்றது திரை.
அதில் மூன்று நான்.

பின்னால் கேரட் லாரி
நீளமாய் ஹாரன் அடித்தது.
தலைசாய்த்துக் கேட்டார்.
"இவனுக்கும் இறங்கிப்போச்சு."
ஓரங்கட்டினேன்.
மூடுபனிக்குள் போய்க்கொண்டே இருந்தது
அதன் சிவப்பு விளக்கு.

"ரெண்டாவது பாட்டை மறுபடி போடு," என்றார்
சால்வையை இழுத்துக்கொண்டு,
"சரணத்துல மூச்சைத் தப்பா எடுத்திருக்கேன்."